தூதுவர் மாமியும் ஒரு கலியாணப் பேச்சும்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளத்துக்குக் கோட்டும் மாட்டிச் சம்பளமும் கொடுத்தால், அதுதான் தூதரக உத்தியோகம். சொந்தக்காரரின் இழுபறிக்கு நடுவில் போய் நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் என்னைப்போல வாங்கிக் கட்டியவர்கள்தான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தேன், லண்டனில் படித்தேன், பரீட்சை எழுதிப் பிரித்தானிய வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தேன். நாடு நாடாகச் சுற்றிக் கடைசியில் தூதுவரும் ஆனேன். ஓய்வு பெற்றதும், அண்ணா இருக்கிறார் என்று ரொறன்ரோவுக்கு வந்துவிட்டேன்.

அவர் எங்கே?

தூதுவராக எனக்குக் கிடைத்த முதல் நாடு ஆபிரிக்காவில். நான் கொடுத்த முதல் விருந்தன்று காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

ஒரு பெரிய வியாபாரி என் கையைக் குலுக்கினார். வீடு அழகு, பூக்கள் அழகு என்று புகழ்ந்தபடியே என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார். தூதுவரைத் தேடுகிறார் என்று விளங்கியது. நான்தான் தூதுவர் என்றேன். அவர் பெருந்தன்மையோடு சிரித்தார்.

“பரவாயில்லை அம்மா, அவர் வரும்வரை நான் காத்திருக்கிறேன்.”

கதவும் கதிரையும்

அடுத்த பதவியில், ஒரே ஆற்றுத் தண்ணீருக்கு அடிபட்ட இரண்டு நாட்டு அமைச்சர்களை ஒரு ஹோட்டலில் சந்திக்க வைத்தோம். இரண்டு பேரும் அறைக்குள் முதலில் நுழைய மறுத்துவிட்டார்கள். முதலில் போகிறவன் மற்றவனுக்காகக் காத்திருக்க வேண்டும், காத்திருப்பவன் இளைத்தவனாம்.

நான் ஹோட்டல் முழுக்க ஓடி, இரண்டு பக்கமும் கதவுள்ள ஒரு மண்டபத்தைக் கண்டுபிடித்தேன். ஒரே நேரத்தில் இரண்டு கதவும் திறந்தன, இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். எனக்குத் துள்ளிக் குதிக்காத குறை. மூத்த அமைச்சர் உட்காராமலே மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

“கதவு முடிந்தது, அம்மணி. இனிக் கதிரைக்கு வருவோம்.”

யார் காரை எடுப்பது?

அண்ணாவின் மகள் வானதிக்கு றொஷான் என்ற பொடியனைப் பிடித்துவிட்டது. அவன் வீட்டார் மன்னார்க் கத்தோலிக்கர், நாங்கள் சைவம். அதுதான் சிக்கல் என்று நினைப்பீர்கள்; நானும் நினைத்தேன். இல்லை. யார் யாருடைய வீட்டுக்கு முதலில் போவது என்பதுதான் சிக்கல். ரொறன்ரோவை அடுத்த விட்பியில் இருக்கும் அண்ணா, அவர்கள்தான் பெண் கேட்டு வரவேண்டும் என்கிறார். யூனியன்வில்லில் இருக்கும் றொஷானின் அப்பா சேவியர், பெண் வீட்டார்தான் வரவேண்டும் என்கிறார். இப்படியே கோடையும் போய், பனியும் கொட்டிவிட்டது.

ஒருநாள் வானதி என்னிடம் வந்து அழுதாள். அண்ணாவுக்கு இருப்பது அந்த ஒரு பிள்ளை. அவள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் பார்க்காமல் போனால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும்.

“மாமி, ரெண்டு அப்பாமாருக்கும் ஓகேதான், ஆனா ஒருத்தரும் காரை ஸ்டார்ட் பண்ண மாட்டினமாம். ஸீரியஸ்லி, நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லாமல் சிற்றி ஹோல்லில போய் ரெஜிஸ்டர் பண்ணி முடிக்கப்போறம்.”

நடுநிலை அறை

எனக்குப் பழைய உற்சாகம் பிடித்துவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு ஒரு பேச்சுவார்த்தை! விட்பியும் வேண்டாம், யூனியன்வில்லும் வேண்டாம் என்று டோர்செட் பார்க்கில் ஒரு சமூக மண்டப அறையை எடுத்தேன். இரண்டு வீட்டுக்கும் கண்டிப்பாகச் சொன்னேன், ஒருவரும் சாப்பிட எதுவும் கொண்டுவரக் கூடாது. ரோல்ஸ் கொண்டுவருகிறவர் விருந்து கொடுப்பவராகிவிடுவார், சாப்பிடுகிறவர் விருந்தாளியாகிவிடுவார், சமநிலை போய்விடும்.

வந்தார்கள். வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் வரவேற்றுப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். ஆனால் அண்ணா அடிக்கடி கதவைப் பார்த்தார், அண்ணி வெட்கத்தில் நெளிந்தார், சேவியரின் மனைவி கைப்பையைத் திறந்து இருமல் மிட்டாய் ஒன்றை ரகசியமாக வாயில் போட்டார். கடைசியில் சேவியர் பொறுக்கமுடியாமல் அண்ணாவின் பக்கம் குனிந்து, உங்கட தங்கச்சி ஆக்களைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணியும் குடுக்க மாட்டாவோ என்று கேட்டார். அண்ணாவின் முகம் சிவந்தது. அவ வெள்ளைக்காரரோட இருந்து பழுதாப்போனவ, நீங்கள் எழும்புங்கோ, எதிர்க் கடையில குடிப்பம் என்றார். எல்லோரும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கதவருகில் வானதி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், என் உத்தியோகம் முழுவதும் ஒரு சதத்துக்குப் பெறாமல் போயிற்று.

எல்லாம் கெட்டது என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க அவர்களின் பின்னால் கடைக்குப் போனேன். உள்ளே ஒரே சிரிப்பு. இரண்டு அப்பாமாரும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்; அவ்வளவு ஒற்றுமையை நான் எந்த மாநாட்டிலும் கண்டதில்லை. ஆவணியில் நாள் பார்த்தாயிற்று, ஒரு நாள் சேர்ச், அடுத்த நாள் கோயில். அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது ரோல்ஸைக் கடித்தார். வானதி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. சேவியர் ஒரு கதிரையை எனக்காக இழுத்துப் போட்டார்.

“இருங்கோ தங்கச்சி, தேத்தண்ணி குடியுங்கோ. நீங்கள் இனி ஒண்டுக்கும் கரைச்சல் படாதேங்கோ, நாங்களே எல்லாம் பேசி முடிச்சிட்டம்.”

வாழ்நாள் முழுக்க எதிரிகளுக்குப் பொதுவாக ஒரு விஷயத்தைத் தேடித் திரிந்த எனக்கு, அந்தப் பொதுவான விஷயம் நானாகவே இருக்கலாம் என்பது ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.