ஆக்னஸின் விதைக்கடலை

மாதனூர் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவள் ஆக்னஸ். வயது ஐம்பத்திரண்டு. கணவர் நத்தானியேல் ஷூ கம்பெனி பஸ் ஓட்டுகிறார். விடிவதற்குள் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. ஆகவே நிலம் முழுக்க ஆக்னஸின் ராஜ்ஜியம். பிடிவாதத்துக்கும் குறைவில்லை.

அதில் ஒன்று இது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நடக்கும் ஞாயிறன்று முதல் செடியைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் படைத்த பிறகுதான் மற்றதில் கை வைப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆனியில் விதைத்தால் காய் முற்றவும் பண்டிகை வரவும் சரியாக இருக்கும். நாலு நாள் முன்னே பின்னே ஆனாலும் வெயில் அடிக்கும்.

இப்போது அந்த வெயிலை நம்ப முடிவதில்லை. ஐந்தாறு வருஷமாக, பெய்ய வேண்டிய நேரத்தில் வானம் கைவிரிக்கிறது. பிறகு ஒரு மாத மழை ஒரே சாயங்காலத்தில் கொட்டுகிறது. இதைக் கவனிக்காமல் இருக்க ஆக்னஸ் ஒன்றும் ஏமாளி இல்லை. பழைய ரகத்தை விட்டுவிட்டு, சீக்கிரம் முற்றும் புது ரகத்துக்கு மாறினாள். ஆனால் ரகத்தை மாற்றியவள் பண்டிகைக் கணக்கை மாற்றவில்லை. கோட்டை விட்டது அங்கேதான்.

இந்த வருஷம் முற்றிய கடலை பன்னிரண்டு நாள் மண்ணிலேயே பண்டிகைக்காகக் காத்திருந்தது. இன்னும் நாலு நாள் பாக்கி. கடைசி மூன்று சாயங்காலமும் விடாமல் அடித்தது மழை. சந்தேகப்பட்டு ஒரு செடியைப் பிடுங்கினாள். இரண்டு காய் மண்ணுக்குள்ளேயே முளைத்திருந்தது. அடுத்த வருஷத்து விதையும் அதுதானே! அந்த ரகம் ஊரில் வேறு யாரிடமும் இல்லை.

விட்டுவைத்தால் முளைத்துவிடும். பிடுங்கிக் களத்தில் போட்டால் மழையில் பூசணம் பிடிக்கும். கூரையும் வேண்டும், காற்றும் வேண்டும். அப்படிப்பட்ட இடம் பக்கத்தில் ஒன்றுதான்: கவுஸ் பாஷாவின் மூடிக் கிடக்கும் டேனரி. மாடியில், தோலைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் பெரிய கொட்டகை. அந்த டேனரித் தண்ணீர் தன் கிணற்றைக் கெடுத்ததென்று ஆக்னஸ் சண்டை போட்டு, பதினெட்டு வருஷமாக அவருடன் பேச்சுவார்த்தை இல்லை.

ரோஷத்தைப் பார்த்தால் விதை போய்விடும். போனாள்.

"பாய், மேல இருக்கிற கொட்டாய் வேணும். பத்து நாளைக்கு."

"இன்னாம்மா, என் மூஞ்சில முழிக்க மாட்டேன்னவங்க ஆச்சே?"

"சொன்னேன்தான். மழை ஜாஸ்தியா போச்சு. கடலை நெலத்துலயே முளைக்குது பாய்."

பாஷா சாவியை எடுத்தார். "கிணறு விஷயத்துல உங்க மேல தப்பு இல்லம்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். செடியோட கட்டித் தொங்கவுடுங்க. தோலே அங்க காஞ்சிருக்கு, கடலை காயாதா?"

"ஆண்டவரே, கோச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அன்றே பிடுங்க ஆரம்பித்தாள். நத்தானியேல் இரண்டு நாள் லீவு போட்டார். கட்டுக் கட்டாகக் கட்டி, தோல் தொங்கிய கழிகளில் வேர் மேலே இருக்கும்படி தொங்கவிட்டார்கள். வெளியே ஒரு வாரம் மழை. உள்ளே நாலு பக்கமும் காற்று.

காய்ந்ததும் நூறு பருப்பை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தாள். விதைக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே. நாலாம் நாள் பாஷாவும் பார்க்க வந்து நின்றார். ஆக்னஸுக்குப் பிரிக்கக் கை வரவில்லை. அவரே பிரித்து, முளைவிட்டதை விரலால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினார்.

"எண்பத்தேழும்மா. பொழைச்சிக்கிச்சு."

ஆக்னஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அடுத்த வருசம் இத்தவுட சீக்கிரம் வருவேன் பாய்" என்றாள். "காய் முத்துன அன்னைக்கே."