ஒன்பதாவது கேள்வி

உடம்புவலி என்று வருகிறவர்களிடம் மனசைப் பற்றியும் விசாரிக்க வேண்டும் என்று, கிராமத்து நர்சுகளான எங்களுக்குத் திண்டுக்கல்லில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு தாளில் ஒன்பது கேள்விகள். கடைசிக் கேள்வி, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பது. பயிற்சியில் பக்கத்து நாற்காலிக்காரியிடம் அதைக் கேட்டபோது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, கன்னிவாடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓர் அக்கா வந்தார். மல்லிகைத் தோட்டக்காரர். கைகால் குடைச்சல் என்று மாதக்கணக்காக வருகிறவர். நானும் சத்து மாத்திரை கொடுத்தே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்று தடுப்பூசி அறைக்குள் உட்காரவைத்தேன். எட்டுக் கேள்விகளுக்கும் தரையைப் பார்த்தே பதில் சொன்னார். இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்டால்? கேட்பதால் அப்படி நேராது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் தாளைப் பார்த்தபடியே கேட்டுவிட்டேன்.

"செத்துரலாம்னு எப்பவாச்சும் தோணுதாக்கா?"

"தெனமுந்தான் சிஸ்டர். இம்புட்டு நாளா யாரு கேட்டா?"

அவரைத் தனியே விடாமல் டாக்டரை அழைத்தேன். டாக்டர் பொறுமையாகப் பேசிவிட்டு, நகரத்து மனநல மருத்துவரிடம் போனில் கலந்துகொண்டார். திங்கட்கிழமை அங்கே கூட்டிப்போக வேண்டும். அதுவரை கூடவே ஆள் இருக்க வேண்டும்.

"எந்தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிராதீக."

"சொல்லாம உங்கள அனுப்ப மாட்டேங்க்கா."

தங்கை ஸ்கூட்டரில் வந்து அழைத்துப்போனாள். கிளம்பும்போது அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சனியும் ஞாயிறும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கைக்குப் போன் மேல் போன். "சாப்டுச்சு சிஸ்டர், இங்கதான் இருக்கு" என்பாள். அந்த ஒரு மணி நேரம் நிம்மதி. அப்புறம் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும் மறுபடி போனை எடுப்பேன். மூன்று நாள் படித்துவிட்டு ஓர் உயிர் விஷயத்தில் கை வைத்துவிட்டோமே என்றிருந்தது.

திங்கட்கிழமை லீவு போட்டு நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். இருவரும் வந்தார்கள்.

"உங்கள நம்பித்தான சொன்னேன்" என்றார் அக்கா. உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து, முகம் வீங்க அழுதுவிட்டு வந்தார். தங்கையிடம், "அடுத்த வாரமும் வரச் சொல்லிருக்காக" என்றார்.

மாத்திரையும் பேச்சுமாகச் சில வாரங்கள் போயின. பிறகு ஒருநாள் எங்கள் சுகாதார நிலைய வரிசையில் நின்று, என்முன் உட்கார்ந்து, ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினார்.

"ஓம்மேல கோவம் இன்னும் போகல. ஆனா தூக்கம் வருது" என்றார்.

முதன்முறையாக என்னை ஒருமையில் கூப்பிட்டிருந்தார். குறிப்பதற்கு முன் அளவை மறந்துபோய், இன்னொரு முறை பார்த்தேன்.