கதைக்க ஓர் ஆள்

காலை பத்து இருபதுக்கு, எங்கள் உயர்நிலைப் பள்ளியின் மாடி நடைவழியில் அக்காவுக்கு மூச்சு நின்றது. அப்படித்தான் அவள் பிறகு சொன்னாள். நெஞ்சைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளி ஊழியர் சீனி கரைத்த தண்ணீர் கொடுத்தார். வீட்டுவேலை பார்த்துவந்த இத்தாலியச் சீமாட்டியின், சின்யோராவின், வீட்டிலிருந்து ஓடிவந்த அம்மாவும் அதையே கொடுத்தார். இத்தாலியின் பலேர்மோவுக்கும் எங்கள் ஊர் மன்னாருக்கும் வைத்தியத்தில் பெரிய வித்தியாசமில்லை.

மறுபடியும் மூச்சுத் திணறல் வந்தபோது ஆஸ்பத்திரி டொக்டர், நெஞ்சில் குறையில்லை, இது பதற்றம், உளவியலாளர் ஒருவரிடம் பேசட்டும் என்றார். அக்கா விசாரித்துப் பார்த்தாள். அவள் வகுப்பிலேயே வேறு பிள்ளைகளும் கழிப்பறையில் ஒளிந்து மூச்சுத் திணறியிருந்தார்கள். வாரம் ஒருநாள் பள்ளிக்கே உளவியலாளர் வரவேண்டும் என்று அவர்கள் சேர்ந்து கேட்டார்கள். பெற்றோர் விரும்பமாட்டார்கள், அவர்களில் ஒருவராவது நேரில் வந்து கேட்கட்டும் என்றார் அதிபர்.

அவர் சொன்னது பொய்யில்லை. எந்த வீட்டிலும் சம்மதம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் காரணம் மட்டும் வேறு.

"விசர் எண்டு பதிஞ்சுபோட்டால் குவெஸ்தூராவிலை பெர்மெசோ புதுப்பிப்பாங்களே? நாலுபேரும் பெட்டி கட்டவேண்டியதுதான்," என்றார் அப்பா. அந்த வதிவிட அனுமதிக்காகப் போலீஸ் அலுவலக வாசலில் வருடக்கணக்காக வரிசையில் நின்ற மனிதர்.

"அப்ப பெர்மெசோவோடை மூச்சு முட்டிச் சாகட்டோ, அப்பா?" என்றாள் அக்கா.

அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்துபோனார்.

மறுநாள் மாணவர்கள் அதிபர் அறை வாசலில் உட்கார்ந்தார்கள். முதலாம் ஆண்டில் இருந்த நான் அக்காவின் கையை இழுத்தேன். "அப்பா அடிக்கப்போறார், வா."

"அழுறதெண்டால் வீட்டை போ. இருக்கிறதெண்டால் இதைப் பிடி," என்று கோரிக்கை எழுதிய அட்டையை என் கையில் திணித்தாள். மணி அடித்தது. யாரும் எழவில்லை.

மதியம் அப்பா வந்தார். குவெஸ்தூராவுக்குப் போகும்போது மட்டும் போடும் கோட்டு. கையில் எங்கள் நால்வரின் கடவுச்சீட்டும் பெர்மெசோவும் அடங்கிய பிளாஸ்டிக் பை. "உன் அப்பா ஊருக்குப் புறப்பட்டுவிட்டாரா?" என்று பக்கத்திலிருந்த பையன் கேட்டான். வெட்கத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன். இன்று என் மகள் அறைக் கதவைப் பூட்டிக்கொள்ளும்போதெல்லாம் வெளியே நின்று அந்தப் பையை நினைக்கிறேன். அவர் எதைக் கொடுத்துவிடத் துணிந்து வந்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

பையை அதிபரின் மேசையில் வைத்துவிட்டு அப்பா அக்காவைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே இவருக்கு இத்தாலியனிலை சொல்லு. என்ரை மகளுக்குக் கதைக்க ஒரு ஆள் வேணும். எங்கடை பேப்பரிலை என்னத்தை எழுதினாலும் எழுதட்டும்."