தவமணி டீச்சரும் காலைச் சாறும்

இரண்டு கிழமையாகத் தொலைபேசி மணி அடித்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். கடைசியில் செய்தி தொலைபேசியில் வரவில்லை. விடியற்காலை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் தன் பெரியம்மா தவமணிக்குத் துணையாக நின்ற யாழினி, பாயும் பையுமாகப் படலையைத் திறந்துகொண்டு தனியே வந்தாள். "பெரியம்மா போயிட்டா, டீச்சர்" என்றாள். பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழவேண்டிய நேரத்தில், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன். பயம் வந்தால் என் வாயில் இப்படித்தான் ஏதாவது வரும்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று யாழினிதான் கேட்டாள். மலரில் 'அவர்' என்று எழுதுவதுதான் முறை என்று பாடசாலை அதிபர் சொன்னார். பத்தொன்பது வருடம் ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிரே இருந்தவளை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் கணிதம், நான் தமிழ். அவளுக்கு எதற்கும் பயமில்லை, எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். "உலகத்தில உள்ள பயத்தையெல்லாம் நீயே எடுத்துட்டாய்கா. எங்களுக்கு ஒண்டும் மிச்சமில்ல" என்று சொல்லிச் சிரிப்பாள்.

பெரியகல்லாற்றில் இருக்கும் உங்களுக்கு அவளுடைய ஜூஸ் மிஷின் நினைவிருக்கும். கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனபின் அவள் தகரக் கொட்டிலில் இருந்தாள். நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் அரிசி, பாய், வாளியோடு ஆளுக்கொரு ஜூஸ் மிஷினும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கொட்டில்களில் ஒன்றிலும் கறன்ட் இல்லை. மற்றவர்கள் அதைப் பெட்டியோடு மூலையில் வைத்தார்கள். தவமணி மட்டும் அதைச் சைக்கிளில் கட்டிப் பாடசாலைக்குக் கொண்டுவந்தாள். "மிஷின் வந்திட்டுகா. இனி மிஷினுக்கு ஒரு வீடு வேணுமே" என்று ஆசிரியர் அறை மேசையில் இறக்கினாள்.

மறுநாளே சுவரில் பாட நேரசூசிக்குப் பக்கத்தில் இன்னொரு நேரசூசி ஏறியது. திங்கள் வல்லாரை, செவ்வாய் பாவற்காய், புதன் கரட்டும் பீற்றூட்டும், வியாழன் நெல்லிக்காய். வெள்ளிக்கிழமை எங்களுக்கு இரக்கப்பட்டுத் தோடம்பழம். முதல் மணி அடிக்குமுன் ஒவ்வொருவரும் அரைக் கிளாஸ் குடிக்கவேண்டும், கடைசியாகக் குடிப்பவர் மிஷினின் சக்கை அடைத்த வடியைக் கழுவவேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் அதிபருக்குக் காலையில் அவசர வேலைகள் வந்துவிடும். "மூஞ்சியைச் சுழிச்சுக் குடிச்சா உடம்பில சுவறாது" என்று அவள் கிளாஸோடு அவருடைய அறைக்கே போவாள்.

நான் கீரையை மூன்று தரம் உப்புத் தண்ணீரில் கழுவுவேன். கிருமி, பூச்சிமருந்து, நத்தை என்று எனக்குப் பயங்கள் வரிசையில் நிற்கும். "நீ கழுவுற கழுவலில சத்தெல்லாம் வாவிக்குப் போயிரும். அங்க மீனெல்லாம் நல்ல சுகமா இரிக்கும்" என்பாள். உண்மையில் அந்த வருடம் எங்கள் ஆசிரியர் அறையில் தடிமன், காய்ச்சல் குறைந்தது. சாற்றினாலா அவளுடைய சத்தத்தினாலா என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் வடியைக் கழுவிக்கொண்டே, ஏன் இந்தப் பாடுபடுகிறாய் என்று கேட்டேன். நாற்பது வயதிலிருந்தே அவளுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இருந்தது. கலியாணம் முடிக்கவில்லை. உறவென்று சொல்ல ஒரே தங்கை, வன்னியில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்தாள். சிரிக்காமல் அவள் பேசியதை அன்றுதான் கேட்டேன். "வன்னிப் பாதையைப் பூட்டித்தான் இரிக்கி. ஒரு நாளைக்குத் திறப்பாங்க. திறக்கிற அண்டைக்கு நான் படுக்கையில கிடக்கக் கூடாதுகா."

யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தவமணி காதோடு ரேடியோவை வைத்தபடி இருந்தாள், நித்திரை இல்லை, சீனி ஏறிக்கொண்டே போனது. கிளினிக்கில் இனி இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஒரு மாதத் தவணை கேட்டு வந்தாள். "ஊசியையும் ஐஸ் போத்தலையும் தூக்கிக்கொண்டு வவுனியாவரைக்கும் எத்தின செக்பொயின்டைக் கடக்கிற? ஒவ்வொருத்தனுக்கும் என்னெண்டு சொல்லுற?" என்று கேட்டாள். அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் பயந்தால் நான் எங்கே போவது? ஏதாவது செய்தாகவேண்டும் என்று இருந்தது எனக்கு.

இதற்குப் பிறகு உள்ளதை யாழினி அறியாள்.

களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஒரு பெண், பிலிங்காய்ச் சாறு குடித்துத் தன் புருஷனுக்குச் சீனி இறங்கியதாகச் சொன்னாள். வெறும் வயிற்றில், தண்ணீர் கலக்காமல், ஒரு கிளாஸ். என் வீட்டுப் பின்வளவில் பிலிங்காய் மரம் காய்த்துக் கொட்டிக் கிடந்தது. நாங்கள் அதை மீன் ஆணத்துக்குப் புளியாக நாலைந்து போடுவோம், ஊறுகாய் போடுவோம். கிளாஸ் கணக்கில் குடித்தவர்களை நான் கண்டதில்லை. கீரையை மூன்று தரம் கழுவுகிற நான் இதை ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. நம் மரத்துக் காய் நமக்கு என்ன செய்யும் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு பை நிறையப் பறித்துத் தவமணியிடம் கொண்டுபோனேன். "நீயும் குடியன்கா" என்றாள். எனக்குப் புளி ஒத்துக்கொள்ளாது என்றேன்.

இரண்டு கிழமை. ஒவ்வொரு நாளும் நான்தான் பறித்தேன், நான்தான் பிழிந்தேன். பல் கூசும், கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பாள். சோதித்துப் பார்த்தபோது சீனியும் இறங்கியிருந்தது. ஆசிரியர் அறையில் இரண்டுபேரும் சின்னப்பிள்ளைகள்போல் கைகொட்டினோம். அடுத்த கிழமை அவளுக்கு விக்கல் பிடித்தது, நிற்கவில்லை. பிறகு சத்தி, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. பிறகு கால் வீங்கியது, சலம் போவது குறைந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிலிங்காய்ச் சாறு என்றதும் எழுதுவதை நிறுத்தினார். அந்தப் புளி அளவுக்கு மிஞ்சினால் கிட்னியை அடைத்துவிடும் என்றார். "ஆர் உங்களுக்கு இதைச் சொன்னது?" தவமணி என்னைப் பார்க்கவில்லை. "நானாத்தான் குடிச்சன், டொக்டர்" என்றாள். அவளுடைய செருப்பையும் துவாயையும் பிடித்துக்கொண்டு நான் கட்டிலருகில் நின்றேன்.

அவள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோதுதான் யுத்தம் முடிந்தது. சில நாட்களுக்குள் தெரிந்தவர் ஒருவர் வழியாகச் செய்தி வந்தது. தங்கையும் புருஷனும் இல்லை. பிள்ளை யாழினி வவுனியா முகாமில், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தோடு இருக்கிறாள். தவமணி கட்டிலை விட்டு இறங்கினாள். இரண்டு எட்டு வைத்தாள், வீங்கிய கால் மடங்கி விழுந்தாள். பாதை திறந்த நாளில் அவள் படுக்கையில்தான் கிடந்தாள். அங்கே கிடத்தியது நான்.

மட்டக்களப்பைத் தாண்டித் தனியே போகாத நான் வவுனியாவுக்குப் போனேன். முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "உன்ட பெரியம்மா வருவா, கொஞ்சம் சுகமில்ல" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னேன். ஊரில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள், சிநேகிதி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார்கள். அந்தப் புகழைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது. மாதங்கள் கழித்துத் தவமணி ஓரளவு தேறித் தானே போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்தாள். கிட்னி பழையபடி வரவில்லை. சீனியும் பழுதாக்கும், இதுவும் பழுதாக்கும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லமுடியாது என்றார் டொக்டர். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருடம் இருந்தேன். ஒருநாளும் அது என்னைத் தாங்கவில்லை.

கீரை, பழம், சாறு எல்லாம் அவளுக்கு மறிக்கப்பட்டன. "கணக்கு டீச்சருக்கு அளவு பிழைச்சிட்டு, நீங்களாவது கவனமா இரிங்க" என்று பெற்றோர் கூட்டங்களில் எழுந்து நின்று சொல்வாள். பிலிங்காய்ச் சாற்றை ஒருவரும் குடிக்கக்கூடாது என்று வீடு வீடாகச் சொன்னாள். யார் சொல்லிக் குடித்தாள் என்பதை மட்டும் எங்கும் சொல்லவில்லை.

இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, யாழினி இல்லாத நேரமாகப் பார்த்து என் கையைப் பிடித்தாள். "புள்ளைக்கு அதைச் சொல்லிப்போடாதகா. நான் போனா அவளுக்கு நீதான். தெரிஞ்சா உன்ட வீட்டில இரிக்கமாட்டாள்." நான் ஓம் என்று தலையாட்டினேன். அவள் இறந்தபின் யாழினி என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் சமைத்ததைச் சாப்பிடுகிறாள், நான் ஊற்றிக் கொடுப்பதைக் கேள்வி கேட்காமல் குடிக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

தவமணி, உனக்குத் தந்த வாக்கை மீறுகிறேன். நீ எனக்கு விட்டுப்போனது இந்தப் பிள்ளையை. அவளிடம் இதை மறைத்து அவளை வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் போதாது. இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் கொடுக்கப்போகிறேன். வேண்டாம் என்றால் கிழிக்கட்டும், வீட்டை விட்டுப் போவதென்றாலும் போகட்டும். இது மலரில் உங்கள் கைக்கு வந்திருந்தால், வாசித்த பிறகு அவளே கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்திருக்கிறாள் என்று அர்த்தம்.