கத்தலை எடுத்துட்டேன்

மட்டாஞ்சேரி சாயாக்கடையில இன்னைக்குக் காலையில செல்வம் அண்ணனைப் பார்த்தேன்.

கலைஞ்சுபோன நம்ம ஊர் ராக் பேண்டோட கடைசிக் கச்சேரியைக் கேமராவுல பிடிச்ச ஒரே ஆள் அவர்தான். பூஞ்சை பிடிச்ச அந்த கேசட்டை என்னை நம்பிக் குடுத்திருந்தார். ஒரு தடவை ஓடுச்சு, அப்புறம் அறுந்துபோச்சு.

அந்த ஒரு தடவையில காப்பி பண்ணினதைத்தான் போன வாரம் இந்த குரூப்புல போட்டேன். "யாருடா இது, பாடகனுக்கு மேல கத்துறான்"னு கலாய்ச்சு தள்ளினீங்க. நேத்து உட்கார்ந்து அந்தக் கத்தலை மொத்தமா எடுத்துட்டு, மறுபடி ஏத்தினேன். முதல்ல போட்ட போஸ்டைத் தூக்கிட்டு, போன்ல இடமில்லைன்னு பழைய ஃபைலை அழிச்சும் விட்டேன்.

"கிட்டார் எவ்வளவு தெளிவா கேக்குது பாருங்கண்ணா"ன்னு பெருமையா போனை நீட்டினேன்.

முழுசா பார்த்தார். ஸ்டேஜுக்கு முன்னாடி ஒருத்தன் கையைத் தூக்கிட்டு வாயைத் திறந்து திறந்து மூடுறான். அவன் சத்தம் மட்டும் இல்ல.

"அது என் தம்பிடா. அவன் செத்தப்புறம் அவன் குரல்னு இருந்தது இது ஒண்ணுதான்."



"கிட்டார் நல்லாத்தான் இருக்கு"ன்னு போனைத் திருப்பிக் குடுத்தார். "பழையது வச்சிருக்கேல்ல?"

"வச்சிருக்கேண்ணா"ன்னு சொல்லிட்டேன்.

இல்ல. அண்ணன் இந்த குரூப்புல இல்லைங்கிற தைரியத்துலதான் எழுதறேன். முதல்ல போட்ட வீடியோ யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்க. கலாய்ச்சவங்க கூச்சப்பட வேண்டாம். முதல் கமெண்ட்டே என்னோடதுதான்.