விமான நிலையம் மூடிய தீவுக்கு

தென்காசி பஸ் வர நேரமாகும் என்கிறார்கள். சங்கரன்கோவில் பஸ் நிலையத்தை ஒட்டிய துணிக்கடையில் துண்டு வாங்க நிற்கிறேன். பக்கத்தில் கடையநல்லூர்க்காரர் ஒருவர், மூன்று வயதுப் பிள்ளைக்கு உடுப்பு கேட்கிறார்.

"ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா பாய்?" என்கிறார் கடைக்காரர்.

"தெரியாது அண்ணாச்சி."

அலமாரிக்குப் போன கடைக்காரரின் கை அப்படியே நிற்கிறது. பாய் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். மாலத்தீவுப் பக்கம் ஒரு சின்னத் தீவு. அங்கே வெள்ளைக்காரப் பட்டாளத்தின் விமான நிலையத்தில் சமையல்காரராக இருந்திருக்கிறார். அந்தத் தீவுப் பெண்ணையே நிக்காஹ் செய்திருக்கிறார். பட்டாளம் விமான நிலையத்தை மூடிவிட்டுக் கிளம்பியபோது, வெளியூர் வேலையாட்களையும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மனைவி அப்போது கர்ப்பிணி.

"அதுக்குப் பொறவு அங்கன பிளேனே எறங்கல. போட்ட தபாலுக்கும் பதில் இல்ல. இப்பம் தூத்துக்குடியிலருந்து மாலிக்கு ஒரு தோணி போவுது. அங்கன போயி வேற தோணி பிடிக்கணும்."

"இன்னும் காத்துக்கிட்டு இருப்பாங்களா?" நான் கேட்டுவிடுகிறேன்.

"சாயங்காலமானா ரெண்டு பேரும் ரன்வேயில நடப்போம் சார். இப்பமும் அவ அங்கன வந்து நிக்கிற மாதிரிதான் இருக்கு."

கடைக்காரர் ஒரு சட்டையையும் ஒரு கவுனையும் எடுத்து வைக்கிறார். "ரெண்டையும் கொண்டு போங்க பாய். வேண்டாதத வந்து திருப்பித் தாங்க."

பாய் முதல் முறையாகச் சிரிக்கிறார். "அவங்க அங்கன இருந்தா, நான் எதுக்கு அண்ணாச்சி திரும்பி வாரேன்?"

இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, தூத்துக்குடி பஸ்ஸை நோக்கி விறுவிறுவென்று நடக்கிறார்.