ஜைத்தூன் மாமி ஊரில் இல்லையாம்

செஞ்சி, பிச்சாவரம் என்று பயணக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன், இம்முறை மூன்று கிலோமீட்டர் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். 2008 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதலியார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஜைத்தூன் மாமிக்கு முதியோர் பென்ஷன் ஏப்ரலோடு நின்றுபோயிருந்தது. சைக்கிள் கடை வைத்திருந்த அவர் கணவர் நவம்பரில் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. தபால் வந்தால் நான்தான் படித்துச் சொல்வேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க அந்தப் பென்ஷன்தான்.

விவரத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளவும் என்று பென்ஷன் அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். செல்போனைக்கூடத் தொட்டிராத மாமிக்கு! காலை 9.15-க்கு பிரவுசிங் சென்டர், அரை மணிக்குப் பத்து ரூபாய். மாமியின் பென்ஷன் எண்ணைத் தட்டினேன். பெயருக்கு எதிரே ‘ஊரில் இல்லை’ என்று வந்தது. “நான் எங்க போனேன்?” என்று மாமி என்னையே கேட்டார்.

ஆட்டோவுக்கு அறுபது கேட்டு நாற்பதுக்கு ஒப்புக்கொண்டவர், அலுவலகத்தின் பெயரைக் கேட்டதும், “நாளைக்கும் வருவீங்க சார், ரெண்டு நாளைக்கும் சேத்தே பேசிக்கலாமா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

10.10-க்குப் போய்ச் சேர்ந்தோம். கம்ப்யூட்டருக்கு ஏசி அறை, வந்தவர்களுக்கு வராந்தா. உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. 10.50-க்கு வந்த ஆபரேட்டர் பெண் பொறுமையாகத்தான் பேசினார். ஜனவரியில் எல்லாப் பயனாளிகளுக்கும் கம்ப்யூட்டரில் படம் எடுக்க முகாம் நடந்ததாம். மாமி அப்போது இத்தாவில் இருந்தார். கணவரை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, அதுதான் இத்தா. முகாமுக்கு வராதவர்களுக்குக் கம்ப்யூட்டரில் மூன்றே காரணங்கள்: இறந்துவிட்டார், தகுதியில்லை, ஊரில் இல்லை. இருப்பதில் கெடுதல் குறைந்ததைத்தான் போட்டேன் என்றார் அந்தப் பெண்.

வழியையும் அவரே சொன்னார். வெளியூர் போயிருந்தேன், திரும்பிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இப்போதே படம் எடுத்துவிடலாம், அடுத்த மாதமே பென்ஷன் வரும். எனக்கு நிம்மதியாகிவிட்டது. வெள்ளைத்தாளில் மளமளவென்று எழுதிப் பேனாவை நீட்டினேன். மாமி படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டுப் பேனாவை மேஜையில் வைத்தார்.

“அவரு மௌத்தானப்புறம் இத்தா முடியற வரைக்கும் நான் வாசப்படி தாண்டல தம்பி. தாண்டிப் போனேன்னு என் கையால எழுதித் தரச் சொல்றியா?”

வெறும் காகிதம்தானே மாமி, அல்லாவுக்குத் தெரியாதா என்றேன்.

“அவனுக்குத் தெரியும். அதுக்காக நான் பொய் சொல்லலாமா?”

உண்மைக் காரணத்தையே மனுவாக எழுதிக் கொடுத்தோம். மேலிடத்துக்குப் போகணும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். 1.20-க்கு டவுன் பஸ், ஆளுக்கு மூன்று ரூபாய்.

இப்படி யாரையாவது அழைத்துப் போகிறவர்களுக்கு: ரேஷன் கார்டு நகல் இரண்டு, தண்ணீர், முடிந்தால் ஒரு மடக்கு நாற்காலி. உங்கள் தெருவில் முகாமுக்கு வர முடியாத பெரியவர்கள் இருந்தால், அன்றைக்கே நீங்கள் போய்க் காரணத்தை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாங்கள் கேட்டோம், ரசீதெல்லாம் தருவதில்லை என்றுவிட்டார்கள்.

மூன்று மாதமாகிறது, பதிலில்லை. மாமி மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். அலுவலகத்தின் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அந்தப் பொய்யை அழகான கையெழுத்தில் எழுதியவன் நான். மாமி இப்போதெல்லாம் தபால் வந்தால் வேறு வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்.